ஸ்பானருக்கு முன் மீட்டர்: கிருஷ்ணகிரியில் ஆல்டர்னேட்டர் மாற்றித் தந்த ஒரு பட்டறை

சேலம் நோக்கிப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் சென்னை நோக்கிப் போகும் 48ஆம் எண் நெடுஞ்சாலையும் பிரிகிற ஊர் கிருஷ்ணகிரி என்பதால், இங்கே ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை லாரிகளை நம்பி நடப்பவை. 24 வோல்ட் வண்டிகளில் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரும், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரும் கழற்றி மாட்டிப் பழகியவர்கள், கணினி வைத்த 12 வோல்ட் காரிலும் அதே துணிச்சலோடு கை வைத்துவிடுகிறார்கள். கார் வேலையைக் காருக்குரிய பொறுமையோடு செய்கிற இடம் ஒன்றைத் தேடியபோது, நண்பர் ஒருவர் ராயக்கோட்டை சாலைப் பக்கம் உள்ள ஒரு சிறு பட்டறையைக் காட்டினார். உரிமையாளரும் உதவிக்கு ஒரு இளைஞரும் மட்டுமே வேலை செய்யும் இடம் அது. பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிவிட வேண்டாம், இப்போது வருகிற வண்டிகளுக்கே நேரம் போதவில்லை என்று அவர் கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். அவர் செய்த வேலையின் முறையை எழுதுவதற்கு அவர் தடை சொல்லவில்லை. படிப்பவர்களுக்குப் பயன்படப்போவதும் அதுதான்.

என்னுடையது பத்து ஆண்டுகளைத் தாண்டிய டீசல் கார். இரவில் வேகம் குறைந்தால் முகப்பு விளக்கு மங்கும். பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு, முழுதாக எரியாமலும் அணையாமலும், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு மினுங்கிக்கொண்டிருக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுக்காமல் கடகடவென்று சத்தம் மட்டும் வரும். தருமபுரியில் வேறொரு கடையில் முதலில் காட்டியபோது, ஓடுகிற எஞ்சினில் பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றி, எஞ்சின் நிற்காததைக் காட்டி, "டைனமோ நல்லாத்தான் இருக்கு சார், பேட்டரிதான் போயிடுச்சு" என்று தீர்ப்புச் சொன்னார்கள். டைனமோ என்று அவர்கள் சொன்னது ஆல்டர்னேட்டரைத்தான்.

இந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் இது இன்னும் பரவலாக நடக்கிறது. ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கங்களைத் தாங்கிச் சமன் செய்வது பேட்டரி. ஓடும்போது அதைத் துண்டித்தால், மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் சுதாரித்துக்கொள்வதற்குள் மின்னழுத்தம் ஒரு கணம் பல மடங்கு எகிறிவிடும். கணினியில்லாத பழைய வண்டிகளில் இதனால் ஒரு பல்பு போயிருக்கலாம். இன்றைய காரில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியு, ஏபிஎஸ், ஏர்பேக் ஆகியவற்றின் மின்சுற்றுகளும், ஆல்டர்னேட்டரின் சொந்த டயோடுகளும் அதே கம்பிகளில்தான் இருக்கின்றன. எஞ்சின் நிற்காமல் ஓடியது என்பது ஏதோ கொஞ்சம் மின்சாரம் வருகிறது என்பதை மட்டுமே காட்டும். போதுமான அளவு வருகிறதா, சுத்தமாக வருகிறதா என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை.

கிருஷ்ணகிரிப் பட்டறையில் முதலில் எடுத்தது மல்டிமீட்டரை. எஞ்சினை அணைத்து, வண்டியைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டு அளந்தபோது பேட்டரியில் 12.2 வோல்ட் இருந்தது. முழுதாக ஏறிய பேட்டரியில் 12.6 இருக்க வேண்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. எஞ்சினை ஓடவிட்டு அளந்தபோது 12.9. நல்ல நிலையில் உள்ள பெரும்பாலான கார்களில் இந்த இடத்தில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். முகப்பு விளக்கையும் ஏசி ஃபேனையும் போட்டதும் அது 12.3க்கு இறங்கியது. அதாவது ஓடுகிற வண்டி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவில்லை. பேட்டரியிலிருந்து வாங்கித் தின்றுகொண்டிருந்தது.

இதோடு நிறுத்தி ஆல்டர்னேட்டரைக் கழற்றப் போயிருந்தாலும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், டார்ச் அடித்து வரிப் பள்ளங்களில் வெடிப்பு உண்டா என்று பார்த்தார், டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டினார், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கம்பியின் முனையை ஆட்டிப் பார்த்தார். தளர்ந்த பெல்ட்டும் துருப்பிடித்த எர்த்தும் நல்ல ஆல்டர்னேட்டரைக் கெட்டதாகக் காட்டக்கூடியவை. அவை சரியாக இருந்த பிறகே மீட்டரை மாறுதிசை (ஏசி) மின்னழுத்தம் அளக்கும் இடத்துக்குத் திருப்பி, ஓடும் எஞ்சினில் பேட்டரி முனைகளில் வைத்தார். ஒரு வோல்ட்டுக்கு அருகில் காட்டியது.

இந்த அளவீடு ஏன் முக்கியம் என்பதை அவர் எனக்கு விளக்கிய விதம் தெளிவாக இருந்தது. ஆல்டர்னேட்டருக்குள் சுற்றுகிற ரோட்டார், சுற்றியுள்ள ஸ்டேட்டர் கம்பிச்சுருள்களில் உண்டாக்குவது மாறுதிசை மின்சாரம். டயோடு பிளேட்டில் உள்ள டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பி பேட்டரிக்கு அனுப்புகின்றன. ஒரு டயோடு போய்விட்டால் வரவு குறைவதோடு, மாறுதிசை அலையும் கலந்து வெளியே வரும். நல்ல ஆல்டர்னேட்டரில் அந்தக் கலப்பு அரை வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இருக்கும். போன டயோடு இன்னொன்றும் செய்யலாம்: வண்டி நின்ற பிறகும் பேட்டரியிலிருந்து மின்சாரம் அதன் வழியே பின்னோக்கிக் கசியும். என் சிவப்பு விளக்கின் அரைகுறை மினுங்கலுக்கும் காலைநேர அடத்துக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்பது அப்போதுதான் பிடிபட்டது.

"இருக்கலாம்" என்பதில் அவருக்குத் திருப்தியில்லை. சாவியை எடுத்து, வண்டியின் கணினிகள் அடங்கும்வரை காத்திருந்து, பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தில் மீட்டரைத் தொடராக இணைத்துக் கசிவை அளந்தார். 0.4 ஆம்பியர். நின்றிருக்கும் காரில் கடிகாரம், அலாரம் போன்றவற்றுக்கு 0.05 ஆம்பியருக்குள் போனால் போதும். பிறகு நெகட்டிவைத் துண்டித்து, ஆல்டர்னேட்டரின் பின்புறம் பி பிளஸ் என்று குறிக்கப்பட்ட தடித்த கம்பியைக் கழற்றி, அதன் நுனியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, மறுபடி மீட்டரை இணைத்தார். கசிவு 0.03க்கு விழுந்தது. குற்றவாளி யார் என்பதில் அதற்கு மேல் வாதம் இல்லை. இந்தப் பட்டறைக்கு நான் தருகிற மதிப்பெண்ணில் பெரும்பகுதி இந்த ஒரு செயலுக்குத்தான். பேட்டரியை மாற்று, ஆல்டர்னேட்டரை மாற்று, வயரிங்கை மாற்று என்று வரிசையாக வாடிக்கையாளரின் பணத்தில் சோதனை நடத்துகிறவர்கள் நிறைந்த தொழிலில், கழற்றுவதற்கு முன்பே நிரூபித்துக் காட்டுகிறவர் அபூர்வம்.

கழற்றும் வேலையில் பாதுகாப்பைப் பொறுத்தவரை அவர் கண்டிப்பானவர். எஞ்சின் ஆறும்வரை தொடவில்லை. சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. முதலில் கழற்றியது நெகட்டிவ் டெர்மினல். அதைத் துணியில் சுற்றி ஓரமாக ஒதுக்கினார். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. காரின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவ் பக்கத்தை முதலில் கழற்றும்போது ஸ்பானரின் மறுமுனை பாடியில் எங்கேனும் பட்டால் அங்கேயே ஷார்ட் ஆகும். நெகட்டிவ் போய்விட்ட பிறகு அந்த ஆபத்து இல்லை. பி பிளஸ் கம்பி பேட்டரியோடு நேரடித் தொடர்பில் இருப்பதால், சாவியை எடுத்துவிட்டாலும் அதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உதவிக்கு இருந்த இளைஞர் குனிந்து கையை உள்ளே விடப் போனபோது, "தம்பி, மொதல்ல அந்த மோதிரத்தையும் காப்பையும் கழட்டி வை" என்று ஒரு குரல் கொடுத்தார். "சரிங்கண்ணா" என்று அவர் கழற்றிக் கண்ணாடிப் புட்டியின் மூடியில் போட்டு வைத்தார். உலோக மோதிரம் மின்முனைக்கும் பாடிக்கும் நடுவே சிக்கினால் நொடியில் பழுத்துச் சதையைச் சுட்டுவிடும்.

என் வண்டியில் ஆல்டர்னேட்டர் கீழ்ப்பக்கமாக இறங்குகிற அமைப்பு. முன்சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியில் தூக்கியதோடு நில்லாமல், ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டையும் வைத்த பிறகே கீழே கை போனது. பெல்ட் எந்தெந்தப் புல்லியில் எந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் டென்ஷனரை நீண்ட ஸ்பானரால் திருப்பிப் பெல்ட்டை நழுவவிட்டதும், டென்ஷனர் புல்லியையும் ஐட்லர் புல்லியையும் வெறுங்கையால் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பெல்ட் இல்லாத அந்தச் சில நிமிடங்களில்தான் அவற்றின் பேரிங்கைத் தனியாகச் சோதிக்க முடியும். பிளக்கின் பிளாஸ்டிக் பூட்டை அழுத்தி விடுவிக்கையில் அவர் எடுத்துக்கொண்ட நேரம், நீளமான கீழ் போல்ட்டைக் கழற்ற ஆன நேரத்தைவிட அதிகம். பத்தாண்டு வெக்கையில் வெந்த பிளாஸ்டிக் அது. அவசரப்பட்டு நெம்பினால் பூட்டு உடைந்து, பிறகு கம்பி கட்டி வைக்கிற நிலை வரும்.

மேசையில் வைத்துப் பிரித்தபோது உண்மையான சேதி கிடைத்தது. ஆல்டர்னேட்டருக்குள் எண்ணெய்ப் பிசுக்கில் ஊறிய கரித்தூள் களிம்பாய் ஒட்டியிருந்தது. டயோடு பிளேட்டில் ஓரிடம் கருகியிருந்தது. ரோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் வளையமான ஸ்லிப் ரிங்கில், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கார்பன் துண்டு உராய்ந்து, நகத்தால் தடவினால் தட்டுகிற ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஆல்டர்னேட்டருக்கு நேர் மேலே வால்வு கவர் பாக்கிங்கிலிருந்து எண்ணெய் கசிந்து, நாள்கணக்காக அதன் மேல் சொட்டியிருக்கிறது. புதியது மாட்டினாலும் இந்தக் கசிவை நிறுத்தாவிட்டால் அதற்கும் இதே கதிதான் என்று சொல்லி, அதைச் சரிசெய்யாமல் மாட்டித்தர மறுத்துவிட்டார். எஞ்சின் வேலை அவர் செய்வதில்லை. அக்கம்பக்கத்து மெக்கானிக்கை அழைத்துப் பாக்கிங் மாற்ற வைத்தார். இதனால் அன்று மாலை கிடைக்க வேண்டிய வண்டி மறுநாளுக்குத் தள்ளிப்போனது. எரிச்சலாக இருந்தது உண்மை. ஆனால் அந்த எரிச்சலில் நியாயம் இல்லை.

பழையதையே சரிசெய்து தரலாமா என்று கேட்டேன். டயோடு பிளேட், கார்பன், இரண்டு பேரிங் மாற்றி 3,500 ரூபாய்க்குள் முடிக்கலாம், ஆனால் ஸ்லிப் ரிங் இந்த நிலையில் இருப்பதால் புதிய கார்பனும் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றார். புதியது 9,800 ரூபாய். ஸ்லிப் ரிங் நன்றாக இருக்கும் வண்டிக்காரர்கள் முதல் வழியையே எடுக்கலாம் என்று அவரே சொன்னது எனக்குப் பிடித்தது. விலை கூடியதை விற்கும் ஆர்வம் அவரிடம் தெரியவில்லை. ரெகுலேட்டரும் டயோடு பிளேட்டும் நம் மாநிலத்திலேயே உற்பத்தியாகிறபோது முழுதாகத் தூக்கி எறிவது அவருக்கே பொறுக்காது போலும். 1961இல் சென்னையில் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் பழைய டைனமோ ஒன்றைப் பட்டறை மூலையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

உதிரிபாகக் கடையிலிருந்து வந்த முதல் ஆல்டர்னேட்டர் திரும்பிப் போனது. வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்தான். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, பொருத்தும் காதுகளின் இடைவெளி, புல்லியின் வரிகளின் எண்ணிக்கை, புல்லி வெளியே நீண்டிருக்கும் தூரம், பிளக்கின் பின்கள், பி பிளஸ் முனையின் இடம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். அனைத்தும் பொருந்தியபின் லேபிளைப் படித்தார்: பழையது 90 ஆம்பியர், வந்தது 75. மாட்டினால் மாட்டும், ஓடினால் ஓடும். ஆனால் மழை இரவில் விளக்கு, வைப்பர், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் சேர்ந்து கேட்கும்போது அதனால் ஈடுகொடுக்க முடியாது. எப்போதும் தன் முழு வலுவில் உழைத்துச் சூடேறிச் சீக்கிரம் போகும். என் வண்டியின் புல்லி ஒரு திசையில் மட்டும் பிடித்து மறுதிசையில் வழுக்கிச் சுற்றுகிற வகை. டீசல் எஞ்சினின் குலுக்கல் பெல்ட்டைத் தாக்காமலிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். இரண்டாவதாக வந்ததில் அதையும் கையால் இருபுறமும் திருப்பிப் பார்த்தே ஏற்றுக்கொண்டார். ஆல்டர்னேட்டர் வாங்கப் போகிறவர்கள் வண்டியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லாமல், பழையதைக் கையோடு கொண்டுபோவது எவ்வளவு நல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பொருத்தும்போது எல்லாப் போல்ட்டுகளையும் கையால் சில சுற்று ஏற்றி, ஆல்டர்னேட்டர் தன் இடத்தில் நேராக உட்கார்ந்த பிறகே ஸ்பானர் போட்டார். பொருத்தும் இடத்திலிருந்த துருவையும் பிசுக்கையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்திருந்தார். அதன் வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. பி பிளஸ் நட்டை இறுக்கி அதன் ரப்பர் மூடியை மாட்டினார். அந்த நட்டு தளர்ந்திருந்தால் சூடேறிக் கம்பி கருகும், அளவுக்கு மீறி முறுக்கினால் உள்ளிருக்கும் முனை சுழன்று உடையும். பெல்ட்டின் ஒவ்வொரு வரியும் புல்லியின் பள்ளத்தில் இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துச் சுற்றிவரப் பார்த்தார்கள். ஒரு வரி விலகி உட்கார்ந்தாலும் எஞ்சின் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பெல்ட் கிழிந்துவிடும்.

பேட்டரியை இரவு முழுவதும் தனி சார்ஜரில் போட்டு ஏற்றியிருந்தார். காலியான பேட்டரியை நிரப்பும் சுமையைப் புதிய ஆல்டர்னேட்டரின் தலையில் முதல் நாளே கட்டுவது அதன் ஆயுளுக்கு நல்லதல்ல. நெகட்டிவைக் கடைசியாக மாட்டி ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு விளக்கு எரிந்து, முழுதாக அணைந்தது. அளவுகள் இப்படி வந்தன: ஐட்லிங்கில் 14.3 வோல்ட், எல்லா விளக்கும் ஃபேனும் போட்டு 13.9, மாறுதிசைக் கலப்பு 0.05க்கும் கீழே, வண்டி நின்ற பிறகு கசிவு 0.03 ஆம்பியர். ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவில், சுமை போட்ட நிலையில், எவ்வளவு வோல்ட் வழியில் தொலைகிறது என்றும் அளந்தார், 0.1தான். இந்த எண்களைப் பில்லின் பின்புறம் எழுதித் தந்தார். அண்மைக்காலக் கார்கள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரைக் கணினியே கூட்டிக் குறைத்து ஆள்வதால், அங்கே 13க்குக் கீழே ஒரு தடவை காட்டியதை வைத்துப் பழுது என்று முடிவு கட்டக்கூடாது என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. பேட்டரி துண்டிக்கப்பட்டதால் மறந்துபோன கடிகாரத்தையும், ஒரே அழுத்தில் மேலேறும் ஜன்னல் கண்ணாடியின் அமைப்பையும் இளைஞர் சரிசெய்து கொடுத்தார்.

குறைகளும் உண்டு. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கிடையாது, கைப்பழக்கத்தில்தான் இறுக்குகிறார். அந்தக் கை நம்பத்தக்கது என்றாலும், தயாரிப்பாளர் அளவு கொடுத்திருக்கும் இடத்தில் அளந்து இறுக்குவதே முறை. மீட்டர் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருப்பவர் இதில் தளர்ந்திருப்பது ஆச்சரியம். டென்ஷனரை விடுவிக்கும்போது இருவருமே பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை. ஸ்பிரிங் விசையில் நிற்கிற பொருளருகே முகத்தை வைத்து வேலை செய்பவர்களுக்கு அது அவசியம். தாளில் எழுதித் தரும் பில்லில் ஆல்டர்னேட்டரின் வரிசை எண்ணை நான் கேட்ட பிறகே எழுதினார். வாரண்டி கார்டில் பொருத்திய தேதியும் முத்திரையும் இல்லாவிட்டால் பின்னால் பேச முடியாது என்பதால், நீங்களும் கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளர் உட்கார ஒரு பெஞ்சு. அதுவும் பகல் பன்னிரண்டுக்கு மேல் வெயிலில். சித்திரை வைகாசியில் அதில் யாரும் உட்கார முடியாது. நெடுஞ்சாலையிலிருந்து ஒதுங்கி வரும் ஆந்திர, கர்நாடக ஓட்டுநர்களிடம் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேச்சுக் கொடுத்தபடியே வேலை செய்வார். கைப்பேசி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார்.

கூலியாக வாங்கியது 900 ரூபாய், பாக்கிங் வேலை தனி. இவ்வளவு சோதனைக்கு இது குறைவு என்றே நினைக்கிறேன். நிறுவன வாரண்டி இன்னும் முடியாத காரை இங்கே கொண்டுவர வேண்டாம். அவரே திருப்பி அனுப்பிவிடுவார். ஹைப்ரிட் கார்களையும் எடுப்பதில்லை. மாங்காய் சீசனில் கூழ் ஆலைகளுக்கு லோடு அடிக்கும் டெம்போக்கள் விடியற்காலையிலேயே வரிசை கட்டிவிடுவதால், அந்த மாதங்களில் போகிறவர்கள் முதல் நாள் மாலையே நேரில் சென்று முறை சொல்லி வைத்துவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.